ஏலப்பாறையில் இரண்டு நாள்

கார்த்திகை, மார்கழி மாதங்களில் கம்பம் வழியாகச் சபரிமலைக்குச் சென்று வந்த அன்பர்களில் பலர், தம்மை அறியாமலேயே ஏலப்பாறையைக் கடந்திருப்பார்கள். கூட்டம் மிகும் நாள்களில் குமுளி மலைச்சாலையை ஒருவழியாக்கி, மேலே செல்லும் வாகனங்களைக் கம்பமெட்டு, கட்டப்பனை, குட்டிக்கானம் வழியே திருப்பிவிடுவது காவல்துறையின் வழக்கம். கட்டப்பனையைத் தாண்டித் தூக்கக் கலக்கத்தோடு செல்லும்போது, பனிக்குள்ளிருந்து ஒரு சிறிய கடைவீதி வெளிப்படும். வேன் ஒரு தேநீர்க் கடைமுன் நிற்கும். கைக்குச் சூடாக ஒரு கண்ணாடிக் குவளை, இரண்டு பழம்பொரி. ஊரின் பெயரைக் கேட்பதற்குள் வேன் புறப்பட்டுவிடும். அப்படி நான் ஐந்து முறை அந்த ஊரைக் கடந்திருக்கிறேன். ஆறாம் முறைதான் இறங்கினேன்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பீருமேடு வட்டத்தைச் சேர்ந்தது ஏலப்பாறை. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில், 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் இருக்கிறது. இங்கிருந்து பிரியும் ஒரு கிளைச்சாலை, ஏறத்தாழ அதே தொலைவு சென்றால் வாகமண்ணை அடையும். சுற்றுலா வழிகாட்டிகள் வாகமண்ணுக்குப் பல பக்கங்களை ஒதுக்கி, ஏலப்பாறையை வழியில் வரும் ஓர் ஊராக மட்டும் குறிப்பிடுகின்றன. அதனால்தான் இளைப்பாற விரும்புகிறவர்களுக்கு நான் ஏலப்பாறையைப் பரிந்துரைக்கிறேன்.

வார இறுதிப் பயணத்தைப் பற்றி எனக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், புகழ்பெற்ற ஒரு மலை நகரத்துக்குக் குடும்பத்தோடு சென்றோம். இரண்டு நாளில் ஏழு இடங்கள் என்று பட்டியல் போட்டவன் நான்தான். திரும்பி வந்த பிறகு கணக்குப் பார்த்தபோது, அந்த இரண்டு நாளில் 17 மணி நேரம் காருக்குள்ளேயே கழிந்திருந்தது. நீர்வீழ்ச்சிக்குச் சென்றோம், அதன் எதிரே வண்டியை நிறுத்த இடம் தேடிய நினைவு இருக்கிறது, நீர்வீழ்ச்சி நினைவில்லை. திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் புறப்படும்போது என் மனைவி, “இன்னும் ரெண்டு நாள் லீவு கிடைச்சா தேவலை, டூர் போன அலுப்புத் தீரணும்” என்றாள். ஓய்வுக்கென்று செலவிட்ட பணம் அலுப்பை வாங்கித் தந்திருந்தது.

ஆகவே, ஏலப்பாறைப் பயணத்துக்கு நாங்கள் வகுத்த முதல் விதி, தங்குமிடம் ஒன்றே என்பது. இரண்டாம் விதி, ஒரு நாளில் பார்க்கும் இடமும் ஒன்றே. மூன்றாம் விதியை வகுத்தவர் என் மாமியார். எழுபதைக் கடந்தவர், உத்தமபாளையத்தில் வசிக்கிறார். ஏலப்பாறைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்தில் பிறந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். திருமணமாகி மலையிறங்கிய பிறகு ஒரே ஒரு முறை, தம் தந்தையின் இறுதிச் சடங்குக்காக மேலே சென்றார். பயணச் செய்தியைச் சொன்னதும், சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “நானும் வர்றேன் மாப்பிள்ளை. ஆனா என்னை அங்க கூட்டிப்போங்க, இங்க கூட்டிப்போங்கன்னு கேக்க மாட்டேன். என்னையும் வா வான்னு இழுக்கக் கூடாது.”

எந்த மாதம்?

மலைப் பயணத்தில் காலம்தான் முதல் முடிவு. விடுதியும் வாகனமும் அதற்குப் பின்புதான். பீருமேடு வட்டாரம் கேரளத்தில் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. 2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை பெய்து கேரளத்தை மூழ்கடித்த பெருமழையின் மையம் பீருமேடு என்று மத்திய நீர் ஆணையம் தன் ஆய்வறிக்கையில் குறிப்பிட்டது. 2021 அக்டோபர் 16 அன்று, இதே வட்டத்தின் கொக்கையாற்றிலும் கோட்டயம் மாவட்டத்தின் கூட்டிக்கல்லிலும் மண் சரிந்து பலர் உயிரிழந்தனர். மழைக்காலத்து மலை மிக அழகானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகைப் பார்க்கச் செல்லும் வெளியூர்க்காரர், சாலை அடைபட்டால் ஊருக்கு ஒரு சுமையாகிவிடுகிறார். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின் இடிமழை. வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் இடுக்கி மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்துக்குத் தடை விதிப்பதுண்டு. அத்தகைய நாளில், முன்பணம் போனால் போகட்டும் என்று பயணத்தைக் கைவிடுவதே முறை.

நவம்பர் நடுவிலிருந்து சனவரி நடுவரை ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள். மகரவிளக்கு நாளிலோ பருந்தும்பாறையும் பாஞ்சாலிமேடும் சோதி காண வருவோரால் நிரம்பிவிடும். எஞ்சுவது சனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுவரையிலான ஏழு வாரங்கள். பகலில் இளவெயில், இரவில் ஸ்வெட்டர் கேட்கும் குளிர், காலையில் பனி. அட்டைத் தொல்லையும் குறைவு. நாங்கள் பிப்ரவரியில் சென்றோம்.

பணமும் முன்பதிவும்

நால்வர் செல்லும் இரண்டு நாள் பயணத்துக்கு என்ன செலவாகும் என்பது அவரவர் தங்குமிடத்தையும் வாகனத்தையும் பொறுத்தது. நாங்கள் செய்தது எளிய ஏற்பாடு. முந்தைய ஆண்டு பிப்ரவரியில் மாதம் 1,500 ரூபாய் வீதம் ஒரு தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கினோம். பன்னிரண்டு மாதத்தில் 18,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் சேர்ந்தன. அந்தத் தொகைக்குள் பயணத்தை முடித்துக்கொள்வது என்று தீர்மானித்ததால், வழியில் ஒவ்வொரு செலவுக்கும் கணவனும் மனைவியும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கடன் அட்டையில் சென்று வந்து, மூன்று மாதம் அதற்கு வட்டி கட்டுவதை எப்படி ஓய்வு என்று சொல்வது?

முன்பதிவில் ஓர் எச்சரிக்கை இன்று தவிர்க்க முடியாதது. மலைவாழிடங்களின் பெயரில் போலி இணையதளங்களை உருவாக்கி, இல்லாத விடுதிக்கு முன்பணம் பெறும் மோசடிகள் பெருகியுள்ளன. என் நெருங்கிய உறவினர் ஒருவருக்கே இது நேர்ந்தது. அறைக்கு முன்பணமாக 4,000 ரூபாய் அனுப்பினார். சிறிது நேரத்தில் ஓர் அழைப்பு: அறை இல்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்தக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடுங்கள் என்றார்கள். அவர் இட்டார், இன்னும் 9,000 ரூபாய் போயிற்று. பணத்தைப் பெறுவதற்கு எவரும் ரகசிய எண்ணை இட வேண்டியதில்லை என்ற ஒரு செய்தியை அவர் அறிந்திருந்தால் இரண்டாம் இழப்பாவது நேர்ந்திராது. இப்படி ஏமாந்தவர்கள் உடனடியாக 1930 என்ற எண்ணை அழைத்தும் தம் வங்கிக்குத் தெரிவித்தும் முறையிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்கும் வாய்ப்பைக் குறைக்கிறது.

நாங்கள் தங்கியது ஒரு வீட்டுத் தங்கலில். கேரளச் சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளை வைரம், தங்கம், வெள்ளி என்று வகைப்படுத்திச் சான்று வழங்குகிறது. சான்று இருக்கிறதா என்று கேட்டறிந்து, தொலைபேசியில் உரிமையாளரிடம் நேரில் பேசி, சாலையிலிருந்து வீட்டுக்கு எத்தனை படிகள் என்பதையும் கேட்டுக்கொண்டேன். முதியவரை அழைத்துச் செல்லும்போது இது மிக முக்கியமான கேள்வி. மலை வீடுகளில் பெரும்பாலானவை சாலைக்கு மேலேயோ கீழேயோதான் இருக்கும். நான் முதலில் பேசிய இடத்தில் முப்பத்தெட்டுப் படிகள், அதை விட்டுவிட்டேன்.

வழி

சென்னையிலிருந்து வருவோருக்கு 2023 சூன் மாதம் முதல் ஒரு வசதி கிடைத்திருக்கிறது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூர் வரையிலான பாதை அகலப்பாதையான பின், சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் மும்முறை விரைவு வண்டி ஓடுகிறது. வெள்ளி இரவு சென்னையில் ஏறி, சனி காலை தேனியில் இறங்கி, ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்பலாம். புறப்படும் முன் அப்போதைய கால அட்டவணையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. தேனியிலிருந்து குமுளிக்குப் பேருந்துகள் உண்டு. குமுளியில் எல்லையைக் கடந்தால் கோட்டயம் சாலையில் வண்டிப்பெரியாறு, பீருமேடு, குட்டிக்கானம். அங்கே கட்டப்பனை செல்லும் பேருந்துக்கு மாற வேண்டும். சொந்தக் காரில் செல்வோருக்குத் தடையில்லை. வாடகை வண்டியானால் கேரளத்துக்குரிய அனுமதியும் வரியும் சரியாக உள்ளனவா என்று புறப்படும் முன்பே ஓட்டுநரிடம் கேட்டுவிட வேண்டும். எல்லையில் நின்று பேரம் பேசுவது பயணத்தின் முதல் மணி நேரத்தையே கெடுத்துவிடும்.

கம்பம் பள்ளத்தாக்கில் அவசரப்படாமல் செல்லுங்கள். சாலையின் இருமருங்கும் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பசுமை முழுதும் பெரியாற்றுத் தண்ணீர் தந்தது. 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையிலிருந்து சுரங்கம் வழியே மலையைக் கடந்து கிழக்கே இறங்கும் தண்ணீர். லோயர் கேம்ப்பில் பொறியாளர் பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் கால்மணி நேரம் இறங்கி நிற்கலாம். அதன் பிறகு கொண்டையூசி வளைவுகள். வயிறு புரட்டும் இயல்புள்ளவர்களை முன் இருக்கையில் அமர்த்துங்கள். கையில் ஓர் எலுமிச்சம்பழம் போதும்.

பீருமேட்டில் ஒரு பெயர்க் காரணம் கேட்கக் கிடைக்கும். தக்கலையில் அடங்கியிருக்கும் தமிழ்ச் சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா இந்த மலையில் தங்கித் தவமிருந்தார், பீர்மேடு என்ற பெயர் அவரால் வந்தது என்பது மரபு. அடுத்து வரும் குட்டிக்கானத்தின் அருகே பள்ளிக்குன்றில், 1869-இல் தோன்றிய ஒரு தேவாலயம் இருக்கிறது. 1877-இல் பூஞ்சாறு அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்ற ஜே. டி. மன்றோ இவ்வட்டாரத்துத் தோட்டக்காரர்; அவருடைய கல்லறை இந்த ஆலயத்தின் இடுகாட்டில் உள்ளது. அவர் ஏறிவந்த குதிரைக்கும் அங்கே ஒரு கல்லறை உண்டு. குதிரைக்குக் கல்லறையா என்று என் மகள் வியந்து பாட்டியிடம் சொன்னாள். அத்தை தலையசைத்தார். வண்டி புறப்பட்ட பின் யாரிடமும் இல்லாமல் சொன்னார்: “குதிரைக்குக் கல்லு நட்டிருக்காங்க. எங்கப்பாவைப் பொதச்ச எடத்துல தேயிலை இருக்கும் இப்போ.”

ஊர்

ஏலம் விளைந்த பாறை என்று பெயர் சொல்கிறது. ஊரைச் சுற்றிப் பார்வைக்கு எட்டியவரை இருப்பதோ தேயிலை. ஏலத் தோட்டங்களைக் காண, கட்டப்பனைப் பக்கம் வண்டன்மேட்டுக்குச் செல்ல வேண்டும். ஏலம் என்ற சொல் தமிழில் இரண்டு பொருள் தருவது. நறுமணக் காய் ஒன்று. கூவி விற்பது மற்றொன்று. பின்னது போர்ச்சுகீசியச் சொல்லின் வழி வந்தது, முன்னதற்கும் அதற்கும் உறவில்லை. ஆயினும் நறுமணப்பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும்போது, ஏலத்தில் ஏலம் விலைபோகிறது.

கடைவீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்துவிடலாம். மருந்துக் கடை, துணிக் கடை, பரோட்டா கல்லின் தாளம், தோட்டத்துக்குச் செல்லும் ஜீப்புகள். தமிழில் கேட்டால் பெரும்பாலும் தமிழிலேயே விடை வரும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தென் மாவட்டங்களிலிருந்து கங்காணிகளின் பின்னே மலையேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அத்தையின் தந்தையும் அப்படி வந்தவர். 1972 சனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவானது. அதற்கு முந்தைய ஆண்டே அத்தை மணமுடித்து இறங்கிவிட்டார். அவருக்கு இந்த ஊர் இன்றும் கோட்டயம் மாவட்டம்தான்.

சனிக்கிழமை பிற்பகல் எதுவும் செய்யவில்லை. திண்ணையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தோம். எதிர்ச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ஓர் ஓவியம். நானும் அப்படித்தான் பார்த்தேன், இரண்டு படங்களும் எடுத்தேன். அத்தை அந்தச் சரிவைப் பார்த்த விதம் வேறு. எந்த வரிசை பறித்தாயிற்று, எது பாக்கி, யார் கை வேகமாக ஓடுகிறது என்று அவர் கண் கணக்கெடுத்தது. “இரண்டு இலை, ஒரு மொட்டு. அதுக்குக் கீழ கை போனா எடை போடுற எடத்துல கழிச்சிருவாங்க” என்றார். சங்கு ஊதும் முன் எழுந்து சமைத்தது, மழையில் தலைக்குச் சாக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு நின்றது, இடுப்பில் சாக்கைக் கட்டியும் செடியின் குச்சி கிழித்தது, ஈரக் காலில் அட்டை ஏறியது தெரியாமல் லயத்துக்கு வந்து உப்பு வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பத்தாம் வயதிலிருந்தே விடுமுறை நாளில் தாயோடு வேலைக்குப் போயிருக்கிறார். முப்பது ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அவர் சொல்லாத செய்திகள் இவை. யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

வெயில் இறங்கிச் சரிவின் மேற்பாதி பொன்னிறமானபோது அவர் சொன்னார்: “பதினெட்டு வருசம் இருந்தேன் மாப்பிள்ளை. இந்த மலையை ஒரு நாளும் இப்படி ஒக்காந்து பார்த்ததில்லை. செடியைத்தான் பார்த்தோம்.”

மறுநாள் காலை அவர் பிறந்த தோட்டத்துக்கு ஒரு ஜீப்பில் சென்றோம். ஞாயிறு விடுமுறை; சரிவுகளில் ஆளில்லை. தோட்டம் என்பது தனியார் நிலம். கேட்டுக்கொண்டு செல்வது மரியாதை, செடிகளுக்குள் இறங்கக் கூடாது. ஓட்டுநர் உள்ளூர்க்காரராதலால் அனுமதி எளிதில் கிடைத்தது. தேயிலை விலை சரிந்த 2000-ஆம் ஆண்டை ஒட்டி, பீருமேடு வட்டாரத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சில மீண்டும் இயங்குகின்றன, சில அரைகுறையாக. நாங்கள் சென்ற தோட்டத்தின் ஒரு பகுதியில் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றன. தேயிலை இயல்பில் ஒரு மரம் என்பதை அங்கேதான் கண்டேன். பறிப்பதாலும், நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து செய்வதாலும்தான் அது இடுப்பளவில் நிற்கிறது. சுற்றுலாப் படங்களில் நாம் வியக்கும் அந்தப் பச்சைக் கம்பளம் இயற்கை விரித்ததன்று; நாள்தோறும் கைகள் வெட்டி வைப்பது. அத்தை ஒரு கிளையைப் பிடித்து வளைத்துப் பார்த்து, “கவாத்து பார்த்துப் பல வருசம் இருக்கும்” என்றார்.

லய வரிசையில் பாதி வீடுகளில் பூட்டு. மீதி வீடுகளில் ஆள் இருந்தார்கள். அத்தை தம் தந்தையின் பெயரைச் சொன்னதும், ஒரு மூதாட்டி முற்றத்துக் கல்லிலிருந்து எழுந்து வந்து அவர் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கட்டன் சாயா வந்தது. நாங்கள் வெளியே நின்றோம். இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: லயங்கள் காட்சிப் பொருள் அல்ல, வீடுகள். பார்க்கத் தோன்றினால் அழைப்போடு செல்லுங்கள். படமெடுக்கத் தோன்றினால் கேட்டுவிட்டு எடுங்கள். நான் அன்று கருவியை வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

தந்தையைப் புதைத்த இடம் கண்டறியப்படவில்லை. அந்த மூதாட்டி ஒரு சரிவைக் காட்டினார். அங்கே ஒரு பலாமரம் இருந்தது, அதற்கு மேற்கே என்றார். பலாமரம் இப்போது இல்லை. அத்தை அந்தத் திசையை நோக்கிச் சிறிது நேரம் நின்றுவிட்டு, “போலாம், மதியம் ஆச்சு” என்றார்.

வாகமண்

இரண்டாம் விதிப்படி ஞாயிற்றுக்குரிய ஓர் இடத்தை அத்தையின் தோட்டம் எடுத்துக்கொண்டுவிட்டது. வாகமண்ணைத் தவறவிடக் கூடாது என்று என் மகள் வாதாடியதால், அவளும் நானும் மட்டும் பிற்பகல் மூன்று மணி நேரம் சென்று வந்தோம். ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் புல் போர்த்திய மொட்டைக் குன்றுகளும் பைன் மரக் காடும் அங்கே உண்டு. சாகசப் பூங்காவில் 2023 செப்டம்பரில் திறக்கப்பட்ட கண்ணாடிப் பாலம், பள்ளத்தாக்கின் மேல் 40 மீட்டர் நீண்டு நிற்கிறது. நெடிய வரிசையைக் கண்டு நாங்கள் திரும்பிவிட்டோம். மழைக்காலத்தில் அதை மூடிவிடுவதும் உண்டு.

எனக்குப் பிடித்தது வேறு. முருகன் மலை, தங்கள் பாறை, குருசுமலை என மூன்று சமயத்தார் போற்றும் மூன்று குன்றுகள் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. குருசுமலையில் உள்ள ஆசிரமத்தை 1958-இல் பெல்ஜியத்துத் துறவி பிரான்சிஸ் ஆச்சார்யாவும் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸும் நிறுவினர். மாடு வளர்த்துப் பால் கறந்து, உழைத்து வாழும் துறவு அவர்களுடையது. கிரிபித்ஸ் பின்னர் 1968-இல் தமிழகம் வந்து, குளித்தலை அருகே காவிரிக் கரையில் உள்ள சாந்திவனத்தின் பொறுப்பை ஏற்றார். ஆசிரமம் பிரார்த்தனைக்கான இடம். அமைதியைப் பேணக் கூடியவர்கள் மட்டும் செல்லலாம்.

சிறு குறிப்புகள் சில. மலைத் திருப்பங்களில் அலைபேசி சிக்னல் அடிக்கடி அறுந்துபோகும். தேநீர்க் கடையில் நின்றுகொண்டு யுபிஐக்காகக் காத்திருக்க நேரும். சில ஆயிரம் ரூபாய் சில்லறை நோட்டுகளாகக் கையில் இருக்கட்டும். முதியவர்களின் மருந்துகளைக் கணக்குக்கு மேல் இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். மாலை ஐந்துக்குப் பிறகு பனி இறங்கும். பழக்கமில்லாதவர் அந்நேரம் வண்டி ஓட்ட வேண்டாம். தேயிலையை ஊர்க் கடையில் வாங்குங்கள். ஜீப்பையும் ஊர்க்காரரிடமே அமர்த்துங்கள். கப்பையும் மீன் கறியும் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று அந்த ஓட்டுநரே சொல்வார். எங்களுக்குச் சொன்னது பொய்க்கவில்லை.

நாங்கள் வாகமண்ணிலிருந்து திரும்பியபோது, அத்தை அதே திண்ணையில் அதே நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஆறிப்போன தேநீர். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று என் மகள் கேட்டாள். “சும்மாதான் இருந்தேன்டி” என்றார். அவர் குரலில் சிறிது பெருமை இருந்தது.

திங்களன்று எல்லோரும் வேலைக்குச் சென்றோம். அன்று அலுப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. புதன்கிழமை மாலை உத்தமபாளையத்திலிருந்து அழைப்பு வந்தது. உடல்நலம் விசாரித்து முடித்த பின், அத்தை தயங்கிக் கேட்டார்.

“மாப்பிள்ளை, அந்த மாசா மாசம் கட்டுற கணக்கு முடிஞ்சு போச்சா?”

முடிந்துவிட்டது என்றேன்.

“இன்னொண்ணு ஆரம்பிங்க. என் பங்குக்கு மாசம் ஐந்நூறு தர்றேன்.”